ஆட்டி மாதத்து மருமகள்

சேஷப்பா வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றபோது நடுப்பகல்கூட ஆகவில்லை. ஆனால் விளக்கு வைக்கும் நேரம் போல இருட்டிக்கொண்டு கிடந்தது. துளு நாட்டில் ஆடியை ஆட்டி என்பார்கள். ஆட்டி மாதத்து மழைக்குப் பகலாவது, ராத்திரியாவது. பாக்குத் தோட்டத்துக்கு நடுவே பழைய ஓட்டு வீடு, சுவரெல்லாம் பச்சைப் பாசி. எங்கோ பக்கத்தில் வாய்க்கால் நிரம்பி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெண் வீட்டார் வெல்லமும் தண்ணீரும் கொடுத்து வரவேற்றார்கள். பந்தலில் இரண்டு பேர் வாழை இலை சின்னதாக இருக்கிறது என்று சண்டை போட்டார்கள். எல்லாக் கல்யாண வீட்டிலும் நடப்பதுதான். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் உயிர் இல்லை, அது ஒன்றுதான் குறை.

மாப்பிள்ளை யதீஷ், வாரிஜாவின் மகன். பைக் எடுத்துக்கொண்டு போனவன் துணி சுற்றித் திரும்பி வந்தான். இருந்திருந்தால் இப்போது இருபத்தைந்து வயது. பெண் தனுஜா, சேஷப்பாவின் மகள். நாலு வயதில் அந்த வாய்க்காலில் விழுந்து போய்ச் சேர்ந்தாள். இருந்திருந்தால் இருபத்திரண்டு. பொருத்தம் பிரமாதம் என்றார் தரகர் கொரகப்பா. செத்தவர்களுக்கு வரன் பார்ப்பதில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வாரிஜாவுக்கு இதிலெல்லாம் மனசு ஒட்டவில்லை. புருஷனைக் கடல் கொண்டுபோனது, படகின் பலகைகூடக் கிடைக்கவில்லை. அப்புறம் மகன். இரண்டு தடவையும் காரியம் முடிந்த மறுநாளே மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தவள் அவள். கல்நெஞ்சுக்காரி என்று ஊர் சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். மிச்சம் இருப்பது மகள் வினுதா மட்டும். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தமும் கடைசி நேரத்தில் கலைந்துபோகவே, வாரிஜாவின் அண்ணன் வாமனன் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆகாமல் செத்த அண்ணன்காரன் தங்கை வழியை மறிக்கிறான், முதலில் அவனுக்கு முடித்துவை என்று. அந்தக் குடும்பத்தில் தாய்மாமன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வாரிஜா வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான், அதுவே வினையாகப் போயிற்று.

செத்தவர் கல்யாணத்தைக் கன்னிப்பெண்கள் பார்க்கக் கூடாது. மணப்பெண்ணின் புடவைத் தட்டை வாங்கிக்கொண்டு வர வாமனனின் மனைவி ஜலஜாட்சி வருவதாக இருந்தது. அன்றைக்கென்று அவளுக்குக் காய்ச்சல்.

"நான் வாங்கிக்கறேன். என் மருமக பொடவைதானே?" என்றாள் வாரிஜா.

"நீயா? தாலியைத் தொலைச்சவ கையில கல்யாணப் பொடவையா? உனக்குப் புத்திகித்தி இருக்கா?" என்று வாமனன் பல்லைக் கடித்தார். "வினுதா வரட்டும். உள்ள வர வேண்டாம். வெளியவே நின்னு தட்டை வாங்கிக்கட்டும்."

உள்ளே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வேட்டி சட்டை, இன்னொன்றில் சிவப்புப் பட்டும் கண்ணாடி வளையலும் மல்லிகையும். தாலி கட்டினார்கள், அட்சதை போட்டார்கள். சேஷப்பாவின் மனைவி குசுமா மட்டும் அழவில்லை. வாரிஜாவின் காதருகே வந்து மெல்லச் சொன்னாள்.

"பார்த்துக்கோங்க. குழம்புல காரம் ஜாஸ்தி போட்டுடாதீங்க. அவளுக்குக் காரம் ஆகாது."

பெற்ற வயிறு, புலம்புகிறது என்று வாரிஜா தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

திரும்பும்போது பாதி வழியில் ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆட்டோக்காரன் கையை விரித்துவிட்டான். இறங்கி வரப்பு வழியே நடந்தார்கள். ஒரே குடை, அதுவும் வாமனன் கையில். பின்னால் வந்த வாரிஜா நிமிர்ந்து பார்த்தபோது வினுதா தட்டிலிருந்த பட்டுப்புடவையை எடுத்துத் தன் தலையோடு போர்த்திக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

"அடியே! அதைத் தலையில போடாதடி!"

"பட்டும்மா. தட்டுல வச்சா ஊறி வீணாப் போயிடும். எம்மேல இருந்தா அவ்வளவா நனையாது."

சொல்லிக்கொண்டே வரப்பில் நின்றாள். யாரோ கையைப் பிடித்தது போலத் தன் கையைக் குனிந்து பார்த்தாள்.

பிறகு மெல்ல நடந்தாள். சின்னச் சின்ன அடியாக.

வீட்டுக்கு வந்து வாசற்படியில் நின்றவளை வாரிஜா உள்ளே இழுத்தாள். சிவப்புச் சிமெண்ட் தரையில் ஈரக் கால்தடங்கள் சமையலறை வரைக்கும் போயின. துடைக்கத் துணியோடு குனிந்த வாரிஜா குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

வினுதாவுக்கு அகலமான பாதம். அப்பன் பாதம்.

தரையில் இருந்தவை ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான் இருந்தன.

ஈரம் சுருங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்துப் போட்டாள். ஆனால் வினுதா புடவையை அவிழ்க்கவில்லை. குளிருதும்மா என்றாள். மறுநாளும் குளிருது என்றாள். அடுப்பு மூட்டிப் பக்கத்தில் உட்காரவைத்தாலும் புடவை காயவில்லை. முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வீடு முழுக்க அழுகிய பாக்கும் சேறும் கலந்த வாய்க்கால் வாடை. வளர்ந்த பெண் சோற்றைக் கை முழுக்க அள்ளி, பாதியை மடியில் சிந்திச் சாப்பிட்டாள். விளக்கை அணைத்தால் சிணுங்கினாள். யதீஷின் அறைப் பக்கம் போகவே மாட்டேன் என்றாள், ஆனால் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளுக்கு நாள் உதடு கறுத்தது. கையைத் தொட்டால் கிணற்றுக் கல்லைத் தொட்டது போல இருந்தது. டாக்டர் ஊசி போட்டார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்.

அன்று மாலை வாரிஜா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த மகள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"என்னடி வேணும்?"

"எங்கம்மா உங்களை அத்தைன்னு கூப்பிடச் சொன்னாங்க."

முறம் மடியிலிருந்து சரிந்து புகையிலைத் தூள் தரையெல்லாம் கொட்டியது.

வினுதாவின் வாய்தான் அசைந்தது. குரல் வினுதாவுடையது இல்லை.

வாரிஜா அன்றே வாமனனையும் கொரகப்பாவையும் வரவழைத்தாள். கொரகப்பா பெண்ணைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், வெற்றிலையை மென்றபடி அமைதியாகச் சொன்னார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. வர்ற அமாவாசைக்குப் பையனோட அறையில ரெண்டு இலை போடுங்க. கோழிக் குழம்பு, ரொட்டி, எல்லாம் வையுங்க. கதவைச் சாத்திடுங்க. புருஷன் வருவான். ரெண்டு பேரும் சாப்பிடுவாங்க. பொண்டாட்டி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவான். அதோட சரி."

"பொண்டாட்டி இப்ப எம் பொண்ணு உடம்புல இருக்காளே கொரகப்பண்ணா. அவன் பிடிக்கிற கை யாரோட கை?"

"அதெல்லாம் போறப்ப இறங்கிடும்."

"இறங்கலேன்னா?"

கொரகப்பா மழையைப் பார்த்தார். வாமனன் செருப்பைப் பார்த்தார்.

வாரிஜாவுக்கு விளங்கிவிட்டது. இவர்கள் இரண்டு பேரும் மனசுக்குள் வினுதாவை ஏற்கெனவே கணக்கில் எழுதிக் கழித்துவிட்டார்கள். கடல், பைக், இப்போது இது. இவளுக்கு விதி அப்படி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். வயிற்றிலிருந்து ஒரு கோபம் கிளம்பி அவள் காது வரைக்கும் ஏறியது. இரண்டு சாவிலும் வராத கோபம் அது.

அமாவாசை வந்தது. வேறு வழி தெரியாததால் இலை போட ஒப்புக்கொண்டாள், வினுதாவைச் சமையலறையில் ஜலஜாட்சி பிடித்து வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. யதீஷின் அறையில் இரண்டு இலை விரித்தார்கள். சோறு, கோழிக் குழம்பு, அப்பளம் போல நொறுங்கும் அரிசி ரொட்டி, மத்தி வறுவல், ஒரு குவளை கள். ஜன்னலைச் சாத்திக் கதவையும் சாத்தினார்கள். எல்லோரும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். செத்தவர்கள் சாப்பிடும்போது பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது.

ஓட்டின் மேல் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அறைக்குள் இலை சரசரத்தது.

வாமனன் கை கூப்பினார். கொரகப்பா கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே ரொட்டி நொறுங்கும் சத்தம், நிதானமாக, நொறுக்... நொறுக்... யதீஷ் அப்படித்தான் சாப்பிடுவான். வாரிஜா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மூன்று வருஷமாகக் கேட்காத சத்தம். ஓடிப்போய்க் கதவில் காதை வைக்க வேண்டும் போல இருந்தது.

அப்போது இன்னொரு சத்தம்.

கண்ணாடி வளையல்.

சமையலறை வாசலில் ஜலஜாட்சி நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. "இந்தப் பக்கம் வந்தாளா?" என்று கிசுகிசுத்தாள். "கையைப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். திடீர்னு கையில வெறும் தண்ணி."

அறைக்குள் யாரோ இருமினார்கள். புரை ஏறின இருமல். அதைத் தொடர்ந்து ஓர் அழுகை.

வாரிஜா எழுந்தாள். வாமனன் குறுக்கே விழுந்து கதவை மறித்தார்.

"தொறக்காத! அவங்க சாப்பிடறப்ப தொறந்தா குலமே நாசமாப் போயிடும்!"

"நாசமாப் போறதுக்குக் குலத்துல யாரு மிச்சம் இருக்கா? அவ ஒருத்திதான் இருக்கா. நகரு."

"வாரிஜா, சொன்னாக் கேளு..."

"ஒரு தடவை கேட்டேன் அண்ணா. போதும்."

தோளால் ஓர் இடி. வாமனன் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம்.

உள்ளே கும்மிருட்டு. வாடை மூஞ்சியில் அறைந்தது. காலை வைத்தவுடன் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். ஜில்லென்று, ஓடுகிற தண்ணீர். அந்த வீட்டில் அவ்வளவு தண்ணீர் வர வழியே இல்லை.

கண் பழகியதும் தெரிந்தது. இரண்டு இலையும் தண்ணீருக்கு மேல் நனையாமல் மிதந்தன. யதீஷின் இலையில் பாதிச் சோறு காணவில்லை.

அதற்கு முன்னால் யாரும் இல்லை.

மற்ற இலைக்கு முன்னால் வினுதா குந்தியிருந்தாள். வாயெல்லாம் குழம்பு, கண்ணிலும் மூக்கிலும் நீர். இருமி இருமி அழுதாள். அவளுடைய வலது கை மட்டும் தலைக்கு மேலே தூக்கியிருந்தது. நின்றுகொண்டிருக்கும் யாரோ பிடித்திருப்பது போல.

கை மெல்ல இழுபட்டது. வினுதா எழுந்தாள்.

வாரிஜா பாய்ந்து மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். புடவையிலிருந்து தண்ணீர் பீறிட்டது. வினுதா பாறையாகக் கனத்தாள், ஆனாலும் மேலே இழுத்த கை இரண்டு பேரையும் சேர்த்து ஜன்னல் பக்கமாக நகர்த்தியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆறு.

"யதீஷ்!"

இழுப்பு நின்றது.

அவள் கூப்பிட்டால் எப்போதும் நிற்பான். வாரிஜாவுக்குக் கண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. ஒரு தடவை முகத்தைக் காட்டமாட்டானா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த ஆசையை அங்கேயே மிதித்துப் போட்டுவிட்டுப் பேசினாள்.

"கையை விடுடா. அது உன் தங்கச்சி."

கை விடவில்லை. வினுதாவுக்குள்ளிருந்து அந்தக் குரல் விக்கியது.

"காரம்... காரம்... அம்மா..."

வாரிஜாவுக்குக் குசுமா காதோரம் சொன்னது ஞாபகம் வந்தது. சிந்திய சோறு, விளக்குக்குச் சிணுங்கியது, தரையில் உள்ளங்கை அளவுத் தடம், எல்லாம் ஒன்றாகத் தலையில் வந்து விழுந்தது.

"அட பாவிகளா!" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள். "இது குழந்தை! பச்சைக் குழந்தைக்குத் தாலி கட்டியிருக்கீங்க! யோவ் கொரகப்பா, இருபத்திரண்டுன்னு விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டியே, எந்த வாய்க்கால்ல கிடந்துய்யா அவ வளர்ந்தா? செத்தவ வயசு நின்னுபோச்சுன்னு உனக்குத் தெரியாதா?"



வாரிஜா புடவைத் தலைப்பால் மகளின் வாயைத் துடைத்தாள். ஜலஜாட்சியைப் பார்த்து, "அடுப்புல கஞ்சி இருக்கு. வெல்லம் போட்டுக் கொண்டா" என்றாள். ஜலஜாட்சி அசையவில்லை. "கொண்டாங்கிறேன்ல!" என்று போட்ட சத்தத்தில் அவள் ஓடினாள்.

தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் வாரிஜா. மகளை மடியில் சாய்த்து, கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாள். முதல் வாயைத் துப்பிற்று. இரண்டாவது வாய் இறங்கியது. அடுத்த வாய்க்குத் தானாக வாயைத் திறந்தது.

"உனக்குக் கல்யாணமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. யாரும் உன்னை எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. பயந்துக்கிட்டு இந்த அக்காவைப் பிடிச்சுக்கிட்டியா? விடு. அக்காவுக்கு வலிக்குது."

"விட மாட்டேன்." வினுதாவின் நகங்கள் வாரிஜாவின் கையில் ஆழமாக இறங்கின. ரத்தம் வந்தது. "விட்டா விழுந்துடுவேன்."

"விழ மாட்ட. என்னைப் பிடிச்சுக்க."

"நீங்களும் விட்டுடுவீங்க."

"நானா?" வாரிஜா சிரித்தாள். அந்த இருட்டில் அவள் சிரித்ததைத்தான் ஜலஜாட்சி பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாள், வேறெதையும்விட அதுதான் பயமாக இருந்தது என்று. "எங்கிட்டேர்ந்து கடல் ஒருத்தரைப் பிடுங்கிச்சு. ரோடு ஒருத்தனைப் பிடுங்கிச்சு. நானா ஒருத்தரையும் விட்டதில்ல. இனிமே பிடுங்கவும் விட மாட்டேன், எவன் வந்தாலும் சரி. ஏறி உட்காரு."

சிவப்புப் பட்டை மகளின் உடம்பிலிருந்து உரித்தாள். கல்யாணப் புடவையைத் தொடக் கூடாத கைகளால் எடுத்து, தன் தோளில் போட்டு இறுக்கிக்கொண்டாள்.

கழுத்தைச் சுற்றி ஜில்லென்று இரண்டு சின்னக் கைகள் விழுந்தன.

மடியில் வினுதா லேசானாள்.

ஆனால் அவளுடைய வலது கை இன்னும் மேலேதான் இருந்தது. வாரிஜா அந்தக் கைக்கு மேலே, ஒன்றும் தெரியாத இருட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"சாப்பிட்டியாடா? ரொட்டி மொறுமொறுன்னு இருந்துச்சா?" குரல் உடைந்தது. உடைந்தபடியே பேசினாள். "உனக்குத் துணை தேடிக் குடுத்தாச்சுன்னு இவங்க சொன்னாங்க, நீயும் வந்து கையைப் பிடிச்சே. உம்மேல தப்பில்ல. ஆனா இது துணை இல்லடா, குழந்தை. நீ தனியாத்தான் போகணும். தைரியமாப் போ. ரொம்ப நாள் அழுவேன், அதுக்காகத் திரும்பித் திரும்பிப் பார்க்காத. அழுதுக்கிட்டே பீடி சுத்த எனக்குத் தெரியும்."



பிறகு யாரோ அவள் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தார்கள். ஒரே ஒரு கணம். வெதுவெதுப்பான கை.

வினுதாவின் கை பொத்தென்று மடியில் விழுந்தது. ஜன்னல் கதவு தானாகத் திறந்து, மழைக் காற்று உள்ளே வந்தது. தரை காய்ந்து கிடந்தது.

"அம்மா..." என்றாள் வினுதா, தன் சொந்தக் குரலில். "எதுக்கும்மா இவ்வளவு காரம்?"

மழைக்காலம் முடிவதற்குள் வினுதா தேறிவிட்டாள். மங்களூரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவாள். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம், எனக்கு வேண்டும்போது நானே சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வாரிஜாவிடம் சிவப்புப் பட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் அதை உடுத்துகிறாள் என்று மட்டும் பேச்சு. உடுத்தினாள்தான். ஒரு நாள் குசுமா ஆற்றைக் கடந்து வந்து, அந்தப் புடவையின் மடிப்பில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். போகும்போது இரண்டு உருண்டை வெல்லம் வைத்துவிட்டுப் போனாள்.

வாமனனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

"கொரகப்பா வழி கண்டுபிடிச்சிருக்கான். பொடவையைத் திருப்பி அந்த வாய்க்கால்லயே விட்டுடணுமாம். கட்டு அறுந்துடும். யதீஷுக்கும் வேற நல்ல இடம் பார்த்து வச்சிருக்கான்."

வாரிஜா பீடி இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள். "குழந்தையைத் திரும்பவும் வாய்க்கால்ல தள்ளணுமா?"

"குழந்தையா அது? பேயை வீட்டுல வச்சுச் சோறு போட்டு வளர்க்கற. ஊர் சிரிக்குது."

"மேளம் அடிச்சுக் கூட்டிட்டு வந்தது நீங்க. தூக்கி வச்சுக்கிட்டது நான். எனக்கென்ன தோணுது தெரியுமா அண்ணா? போனவங்க மேல இருந்த ஆசையெல்லாம் எங்க கொண்டுபோய்க் கொட்டறதுன்னு தெரியாம இத்தனை வருஷம் நெஞ்சுலயே வச்சிருந்தேன். அது வீணாப் போகல. ஊருக்குச் சிரிப்பு வந்தா நல்லாச் சிரிக்கட்டும்."

"நான் தாய்மாமன். சொன்னா நடக்கணும்."

"நடக்காது."

வாமனன் விருட்டென்று எழுந்தார். வாசல் பக்கம் ஓரடி வைத்தவர் நின்றார். வேட்டி எதிலோ மாட்டியிருந்தது. ஆணியாக இருக்கும் என்று குனிந்தார்.

ஆணி இல்லை.

முழங்காலுக்குக் கீழே, வெள்ளை வேட்டி ஒரு கொத்தாகச் சுருங்கி நின்றது. அந்தச் சுருக்கத்திலிருந்து ஈரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

தங்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பீடியின் வாயை நகத்தால் மடித்து மூடினாள்.

"விடும்மா தனுஜா. மாமா இனிமே அப்படிப் பேச மாட்டார்."

வேட்டி உடனே விடுபடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் விட்டது.